தவிட்டுக்கு முதலிடம் கொடுத்த பட்டியல்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

முழுதானியம் சாப்பிட்டால் செரிமானம் சீராகும் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கம் மாதம் ஒரு தடவையாவது எழுதிவிடுகிறது. தப்பென்று சொல்ல வரவில்லை. அதைப் படித்துவிட்டு என் வயிறு பட்ட பாட்டைச் சொன்னால், அதில் என்ன விடுபட்டது என்று உங்களுக்கே தெரியும்.

நான் ஒரு நூலகர். 22 வருடமாக வாசிப்பு அறைதான் என் பொறுப்பு. அங்கே ஒருவர் பக்கம் புரட்டினால் அடுத்த மேசைக்குக் கேட்கும். எனக்கோ பத்து வருடமாக ஐபிஎஸ் என்கிற எரிச்சல் குடல் தொந்தரவு. நான்கு நாள் மலச்சிக்கல், ஐந்தாம் நாள் காலையில் மூன்று தடவை ஓட்டம். போன வருடம் உங்கள் பக்கத்தில் வந்த தானியங்களின் நார்ச்சத்துப் பட்டியலைப் பார்த்து ஒரே நாளில் திருந்தினேன். வெள்ளை ரொட்டி போய் முழுக்கோதுமை ரொட்டி வந்தது. காலைக் கஞ்சியில் அரைக் கோப்பை கோதுமைத் தவிடு சேர்த்தேன். தவிடு ஏன் என்றால், பட்டியலில் அதுதான் முதலிடம்: 100 கிராமில் 40 கிராமுக்கு மேல் நார். ஓட்ஸில் 10தான். அதிக மதிப்பெண் வாங்கியவருக்குத்தானே பரிசு?

மூன்றாம் நாள் வயிறு மத்தளமாக உப்பியது. நான்காம் நாள் வாசிப்பு அறையில் அது உருட்டிய உருட்டலில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் தலை நிமிர்ந்து, மழை வருகிறதா என்று ஜன்னலைப் பார்த்தான். கழிப்பறை இரண்டு மாடி கீழே. பழகினால் சரியாகிவிடும் என்று மூன்று வாரம் பிடிவாதமாக இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

கடைசியில் ஓர் உணவியல் நிபுணரிடம் போனேன். நான் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைத்திருந்த நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டார். நாளுக்கு ஏறக்குறைய 12 கிராம் நாரிலிருந்து ஒரே தாவலில் 30-ஐத் தொட்டிருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பெரியவர்களுக்குச் சொன்னதே குறைந்தது 25 கிராம்தான். "இலக்கு சரிதான், ஏணியில் ஏறாமல் எகிறிக் குதித்திருக்கிறீர்கள்" என்றார். தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்று கேட்டார். கூடுதலாக ஒரு டம்ளர்கூடக் குடிக்கவில்லை.

அப்புறம் அவர் விளக்கியதுதான் உங்கள் பட்டியலில் இல்லாத விஷயம். நார் எல்லாம் ஒரே சாதி இல்லை. ஓட்ஸில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்கிற நார் தண்ணீரில் கரைந்து வழவழப்பான கூழாகும். மலத்தை இளக்கும், ஓட்டமாகப் போனால் கொஞ்சம் கட்டியும் கொடுக்கும். தவிடு பெரும்பாலும் கரையாத நார். சொரசொரப்பாகவே குடலை உரசிக்கொண்டு போகும். நல்ல குடலுக்கு அது தூண்டுதல், என் குடலுக்குக் குத்தல். இது போதாதென்று கோதுமையில் ஃபிரக்டான் என்றொரு மாவுப்பொருள் வேறு இருக்கிறது. அதைச் செரிக்கும் நொதி நம் யாருக்கும் கிடையாது. பெருங்குடல் பாக்டீரியாக்கள் அதை வேகமாகப் புளிக்கவைத்து வாயுவாக்கும். அந்த வாயு எல்லோருக்கும்தான் உண்டாகிறது. ஐபிஎஸ் உள்ளவரின் குடல் நரம்புகள் சாதாரண உப்பலையே வலியாக உணர்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2008-இல் வெளியிட்ட ஐபிஎஸ் வழிகாட்டுதலிலேயே தவிடு போன்ற கரையாத நாரை ஊக்குவிக்க வேண்டாம், நாரைக் கூட்டுவதென்றால் ஓட்ஸ், இசப்கோல் போன்ற கரையும் நாராக இருக்கட்டும் என்று இருக்கிறதாம். இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கிடைத்தது தவிடு முதலிடத்தில் இருக்கும் பட்டியல்.

தவிட்டை நிறுத்தினேன். முதல் வாரம் இரண்டு கரண்டி ஓட்ஸ், நன்றாக வேகவைத்து. வாரத்துக்கு ஒரு கரண்டி கூட்டினேன், கூடவே தண்ணீரும். தீட்டாத அரிசி எனக்கு ஒத்துக்கொண்டது. பார்லியிலும் பீட்டா குளுக்கான் உண்டு என்று ஆசையாக ஆரம்பித்தேன், ஆனால் அதில் ஃபிரக்டானும் இருப்பதால் கால் கோப்பைக்கு மேல் போனால் உருட்டல் திரும்பிவிடுகிறது. நான்கு மாதத்தில் 20 கிராம் வரை வந்திருக்கிறேன். குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுப் புத்தகக் கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் ஓட்ஸும் கைவிட்டுவிடுகிறது. அது சாப்பாட்டால் வருவதில்லை, பதற்றத்தால் வருவது. மற்ற நாட்களில் இரண்டு மாடி ஓட்டம் குறைந்திருக்கிறது.

இன்னொன்று. வயிறு சரியில்லாதவர்கள் கோதுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று சமீபத்தில் ஒரு வாசகர் இதே பகுதியில் எழுதியிருந்தார். அதிலும் எனக்கு உடன்பாடில்லை. கோதுமையில் உள்ள குளுட்டன் என்கிற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை என்று எதுவும் இருந்தால் தானிய ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு இவை இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்த நிபுணர் ஓட்ஸ் பக்கமே வந்தார்.

அடுத்த முறை பட்டியல் போடும்போது, கிராம் கணக்குக்குப் பக்கத்தில் கரையும் நார் எவ்வளவு, கரையாதது எவ்வளவு என்று இரண்டு கட்டம் சேர்த்துப் போடுங்கள். முதல் வாரம் எவ்வளவில் தொடங்கலாம் என்று கீழே ஒரு வரியும் வேண்டும். இடம் போதவில்லை என்றால் தவிட்டின் வரியை எடுத்துவிடலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு நூலகர்
(பெயர் போட வேண்டாம். எங்கள் வாசிப்பு அறைக்கும் உங்கள் பத்திரிகைதான் வருகிறது.)