அப்பாவுக்காக வந்து நின்ற அனைவருக்கும்

அன்புடையீர்,

வணக்கம். அப்பாவின் காரியங்கள் முடிந்தன. அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் ஒருவழியாக வரத் தொடங்கிவிட்டது. நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. ஆனால் உங்களில் பாதிப் பேர் வெளியூர். மீதிப் பேர் நன்றி என்று வாயெடுத்தாலே எழுந்து போய்விடுகிறவர்கள். அதனால் கடிதமாக எழுதுகிறேன். பெயரைப் போடக் கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். போடவில்லை. படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா 1961இல் விமானப்படையில் சேர்ந்து, இருபது ஆண்டுகள் கழித்து சார்ஜென்டாக வெளியே வந்தார். “ப்ளேன் ஓட்டினீர்களா?” என்று யார் கேட்டாலும், “ஓட்டினவரை அனுப்பி வைத்தேன்” என்பார். ஹண்டர் போர் விமானத்தின் ஆயுதப் பிரிவில் ஃபிட்டர். அந்த விமானத்தின் மூக்குக்கு அடியில் 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகள் நான்கு இருக்கும். நான்கும் குண்டுப் பெட்டிகளோடு ஒரே தொகுதியாகக் கீழே இறங்கிவிடும். குழல்கள் மட்டும் விமானத்திலேயே நிற்கும். பறந்துவிட்டு வந்த விமானத்திலிருந்து காலித் தொகுதியை இறக்கி, நிரப்பி வைத்ததைக் கையால் வின்ச் சுற்றி ஏற்ற வேண்டும். சில நிமிடங்களில் முடிய வேண்டிய வேலை. ஒருமுறை வின்ச் கம்பி கிழித்த தழும்பு அவருடைய வலது உள்ளங்கையில் கடைசிவரை இருந்தது.

தாம்பரத்தில் முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக்கில் ஊசி போட வந்த செவிலியர் தங்கை, அந்தத் தழும்பைப் பார்த்து இது என்ன ஐயா என்று கேட்டாரே, அன்று அவர் பேசியதைப் போல அதற்கு முன்பு மாதக்கணக்கில் பேசவில்லை. அடுத்த டோக்கன் காத்திருந்தும் நீங்கள் நின்று கேட்டீர்கள், தங்கையே. அதற்குப் பிறகு ஊசி என்றால் கையை அவரே நீட்டினார். பரிந்துரைச் சீட்டு காலாவதியாகும் முன்பே போன் செய்து நினைவூட்டிய மருந்தாளுநருக்கும், ரத்தம் தேவைப்பட்ட இரவில் சீருடையைக்கூட மாற்றாமல் வந்து வரிசையில் நின்ற இளம் விமானப்படை வீரர்களுக்கும் எங்கள் வணக்கம். அவர்களில் ஒருவர் அப்பாவின் படுக்கை அருகே நின்று தம் படைப்பிரிவு, பதவி எல்லாவற்றையும் முறையாகச் சொன்னார். மூக்கில் குழாயோடு கிடந்தவர், “எந்த ட்ரேட்?” என்று அவருடைய வேலைப் பிரிவைத் திருப்பிக் கேட்டார். வேறென்ன கேட்பார்!

கரக்பூரிலிருந்து எழுதிய நண்பருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவருடைய தந்தையும் எங்கள் அப்பாவும் மேற்கு வங்கத்தின் கலைகுண்டா விமானத் தளத்தில் ஒரே ஸ்குவாட்ரனில் (விமான அணியில்), 14ஆவது ஸ்குவாட்ரனில், இருந்தவர்கள். 1965 போரின்போது, செப்டம்பர் 7 காலையில், அன்று கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த டாக்காவின் தேஜ்காவ் தளத்திலிருந்து வந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் கலைகுண்டாவில் நின்றிருந்த நம் கான்பெரா, வாம்பயர் விமானங்களை எரித்தன. இரண்டாம் முறை வந்தபோது நம் விமானமோட்டிகள் ஆல்ஃபிரட் குக்கும் மாம்காயினும் ஹண்டர்களில் எதிர்கொண்டார்கள். குக்குக்கு வீர் சக்ரா கிடைத்தது. (வந்து தாக்கியவர்களும் அவர்கள் நாட்டின் 14ஆவது ஸ்குவாட்ரன்தான்.) அந்த நாளில் தந்தையர் இருவரும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தார்கள் என்பது நண்பரின் கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அப்பா அதைச் சொன்னதே இல்லை. கடிதத்தோடு அவர் அனுப்பிய குழுப் படத்தில் விமானமோட்டிகள் நாற்காலியில் இருக்கிறார்கள். ஏர்மேன்கள் பின்னால் பலகை மேல் நிற்கிறார்கள். கடைசி வரிசையில், தொப்பி சற்றே சாய்ந்து, மீசை அரும்பிய அப்பா. அம்மா அந்தப் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “கல்யாணத்தின்போதும் இப்படித்தான் ஒல்லியாக இருந்தார்” என்றார்.

அம்மா பட்டதையும் சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் போர் நடந்தபோது, அப்பா வட வங்கத்தின் ஹாசிமாரா விமானத் தளத்தில் இருந்தார். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், கடுங்குளிர், ஜன்னலெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டிய இருட்டு. இந்தி ஒரு வார்த்தை தெரியாத அம்மா கைக்குழந்தையோடு அந்த இருட்டில் இருந்தார். 14ஆம் தேதி டாக்கா ஆளுநர் மாளிகையைத் தாக்கிய விமானங்களில் மிக்-21களோடு ஹண்டர்களும் உண்டு. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணாகதி. அந்த இரண்டு வாரமும் அப்பா வீட்டுக்கு வந்தது சட்டை மாற்றத்தான். அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த மலையாளி கார்ப்பரலின் மனைவிதான் அண்ணனுக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தவர். அந்தச் சேச்சி இன்று எங்கே இருக்கிறாரோ, அவருக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு. அப்பாவுக்குப் பூர்வி ஸ்டார் பதக்கம் வந்தது. அம்மாவுக்கு எதுவும் வரவில்லை.

ஓய்வூதிய விஷயத்தில் நாங்கள் பட்ட பாட்டைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இன்னும் கோபம் ஆறவில்லை. பழைய ஆவணத்தில் அம்மாவின் பிறந்த ஆண்டு 1948. ஆதாரில் 1950. கிராமத்தில் பிறந்த பெண்ணுக்கு அந்தக் காலத்தில் யார் சான்றிதழ் வைத்திருந்தார்கள்? எண்பது வயது நிறைந்தால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும். ஆகவே இரண்டு வருடம் என்பது சில்லறை வித்தியாசம் இல்லை. ஓர் அலுவலகம் ஆதாரைத் திருத்தி வா என்றது. இன்னொன்று ஆவணத்தைத் திருத்தி வா என்றது. இரண்டுக்கும் நடுவில் அம்மா சிவப்புத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பையை வாங்கித் தரையில் கொட்டி, டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ (ஓய்வூதிய ஆணை), திருமணப் பதிவு, வாக்காளர் அட்டை என்று வரிசையாகப் பரப்பிய ஓய்வுபெற்ற வாரன்ட் ஆபீசர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? உறுதிமொழிப் பத்திரத்தின் வாசகத்தை நீங்களே எழுதினீர்கள். டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் போட்டீர்கள். ஸ்பர்ஷ் என்ற படைவீரர் ஓய்வூதிய இணையதளத்தில் அம்மாவின் விரல் ரேகை ஏறாமல் போனபோது, வெந்நீரில் கையை வைத்து, துடைத்து, மறுபடியும் வைக்கச் செய்தீர்கள். உங்கள் மகளுக்குக் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்த மாதம் அது என்பதைக் கல்யாணப் பத்திரிகை வந்த பிறகே அறிந்தோம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எங்கள் கோப்பை மேசை மேசையாகத் தாமே எடுத்துச் சென்ற உதவியாளருக்கும் நன்றி.

இறுதி ஊர்வலத்தன்று ராஜகீழ்ப்பாக்கம், சேலையூர்ப் பக்கத்து முன்னாள் விமானப்படையினர் பதக்கங்களை அணிந்து வந்தீர்கள். எண்பதைக் கடந்த ஒருவர் கைத்தடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டு சல்யூட் அடித்தார். அரசு மரியாதை ஏதும் எங்களுக்கு உரியதில்லை. நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. வெயிலில் வரிசை கலையாமல் நின்ற உங்களுக்கு மோர் கொடுத்த எதிர்வீட்டுக்காரர்களுக்கும், தெருவை அடைத்துப் பந்தல் போட்டும் முகம் சுளிக்காத அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

பிறந்த தேதிச் சிக்கலில் மாட்டிக்கொண்ட வேறு அம்மாக்கள் இருந்தால், நாங்கள் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம், கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்திருக்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளலாம். அம்மா எல்லாரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். வருவதற்கு முதல் நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அரிசி கூடுதலாகப் போட்டுவிடுவார்.

என்றும் நன்றியுடன்,
சார்ஜென்ட்டின் மகள்