திடல் வாயிலில் தொங்கிய அட்டைகளுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

நேற்று மாலை நம் திடலின் தெற்குப் பாதியில் குழந்தைகள் மீண்டும் ஓடினார்கள். முதல் விசிலை ஊதும்போது என் கை நடுங்கியதை அருகில் நின்றவர்கள் கவனித்திருக்கக்கூடும். அந்த நடுக்கம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால், வீடு திரும்பியதும் இந்த மடலோடு உட்கார்ந்துவிட்டேன். ஆறு கரையைத் தாண்டிய இரவையும் அதற்குப் பின் வந்த நாட்களையும் நான் இங்கே விவரிக்கப்போவதில்லை. நீங்கள் அனைவரும் அவற்றை என்னோடு சேர்ந்தே கடந்தவர்கள். வசந்தகால ஆட்டங்களே இந்த ஆண்டு இல்லை என்று நாம் முடிவு கட்டிவிட இருந்தோம் என்பதையும், அந்த முடிவு மாறியதற்கு உங்கள் கைகளே காரணம் என்பதையும் மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

நீர் வடிந்த மறுநாளே மண்வாரிகளோடு வந்து நின்ற ஒவ்வொருவருக்கும் என் நன்றி. மென்வண்டல் காய்ந்து ஓடுபோல இறுகிவிட்டால் அதற்கடியில் உள்ள வேருக்குக் காற்றும் போகாது, நீரும் போகாது. ஈரமாக இருக்கும்போதே அதை அள்ளிவிட வேண்டும் என்பதால், ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் நீங்கள் ஓயவில்லை. இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேராகத் திடலுக்கு வந்த செவிலியர்கள், தள்ளுவண்டிகளைக் கடனாகக் கொடுத்துவிட்டு அவற்றைத் தாங்களே தள்ளிய அண்டை வீட்டார், வேலியில் சிக்கிக் கிடந்த கோல் கம்பங்களை மீட்டவர்கள், சேறு படிந்த சிறுவர் ஜெர்சிகளை மூட்டை மூட்டையாக வீட்டுக்கு எடுத்துச் சென்று துவைத்து மடித்துத் தந்த தாய்மார்கள், நடைபாதையில் விழுந்திருந்த மரக்கிளைகளை அகற்றிய உயர்நிலைப்பள்ளி மாணவர்கள், தங்கள் வழக்கமான வேலைநேரத்துக்குப் பின்னும் கூடவே நின்ற ஊர்ப் பராமரிப்புப் பணியாளர்கள் என யாரை முதலில் சொல்வது, யாரை விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பங்களைத் திரும்ப நட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு சொல்: நங்கூரமிடாத கோல் கம்பம் சாய்ந்து குழந்தைகள் உயிரிழந்த நிகழ்வுகள் உலகில் நடந்திருக்கின்றன. நேரமில்லை என்று நான் அவசரப்படுத்தியபோதும், ஒவ்வொரு கம்பத்தையும் தரையோடு இறுகப் பிணைக்கும் வரை நீங்கள் நகர மறுத்தீர்கள். அந்தப் பிடிவாதத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் இந்த மடலை எழுதத் தூண்டியது வேறொரு உதவி. அது யாரும் கேட்காமல் வந்த உதவி. வந்தபோது உதவி என்றே நம்மில் பலருக்குத் தெரியாத உதவி.

வண்டல் அள்ளி முடித்ததற்கு அடுத்த நாள் காலை, திடலின் வாயிற்கதவில் கையகல வெள்ளை அட்டை ஒன்று தொங்கியது. மழையில் நனையாதபடி அதைத் தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் இட்டு, சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். நீல மையில், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தைப் போன்ற வட்ட எழுத்துகளில், 'காலை 8 மணி. மண், 10 செ.மீ. ஆழத்தில்: 4 டிகிரி' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, சற்றுச் சிறிய எழுத்தில், 'வேர்கள் உறங்குகின்றன. உயிரோடுதான் இருக்கின்றன' என்றொரு வரி.

அந்த இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நான் வாயிற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சாம்பல் பூத்த அந்தத் தரையைப் பார்த்த எவருக்கும் அங்கே உயிர் என்று ஒன்று மிச்சமிருக்கும் என்று தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை. புல் செத்துவிட்டது, முழுத் திடலையும் கிளறிப் புதிதாகத் தொடங்க வேண்டும், அதற்குள் பருவம் முடிந்துவிடும் என்று முந்தைய இரவுதான் வீட்டில் சொல்லியிருந்தேன்.

அதன் பின் தினமும் ஓர் அட்டை. 4, 5, 5, 6, மறுபடியும் 5. குழந்தைகளை மிதிவண்டியில் பள்ளிக்கு அழைத்துச் செல்பவர்கள் வாயிலருகே நிறுத்திப் படிக்கத் தொடங்கினார்கள். மாலை நடைக்கு வருபவர்கள், 'இன்று எவ்வளவு?' என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். எட்டு வயதுக்குட்பட்டோர் அணியின் பிள்ளைகள் மறுநாள் எண் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிப் பார்க்கும் ஒரு போட்டியையே உண்டாக்கிக்கொண்டார்கள். எப்போது திறப்பீர்கள் என்று கேட்டு நாளெல்லாம் எனக்கு வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்புகள் ஒரு வாரத்துக்குள் ஏறக்குறைய நின்றே போயின. கேட்பதற்கு ஒன்றுமில்லை, பதில் வாயிலில் தொங்கியது.

ஒன்பதாம் நாளை நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை. நீண்ட குளிருக்குப் பின் முதன்முதலாக வெயில் முதுகில் உறைத்த நாள். மேலங்கியைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்பது குழந்தைகளாவது வேலிக்கு வெளியே நின்றிருப்பார்கள். பெற்றோர் முகங்களில் இருந்த ஏக்கத்தையும் பார்த்தேன். மேற்பரப்பு காய்ந்துதான் தெரிந்தது. ஒரு மணி நேரம் விளையாடிவிட்டுப் போகட்டும் என்று தீர்மானித்து, சாவியை எடுத்துக்கொண்டு வாயிலுக்குப் போனேன். பூட்டுக்கு மேலேயே அட்டை தொங்கியது. 'காற்று: 19. மண்: 7. வசந்தம் நமக்கு வந்துவிட்டது, வேருக்கு இன்னும் வரவில்லை. தயவுசெய்து பொறுங்கள்.'

சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். உள்ளே போய் ஓரத்தில் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தேன். காலணியைச் சுற்றி நீர் கசிந்து மேலே வந்தது. அந்த நிலையில் நாற்பது குழந்தைகள் ஓடியிருந்தால், மண்ணுக்குள் காற்று நின்று வேருக்கு மூச்சாகும் நுண்ணிய இடைவெளிகள் எல்லாம் நசுங்கி, பிழைத்திருந்த புல்லும் அந்த ஒரு மணி நேரத்தில் போயிருக்கும். வெள்ளம் கொல்லாததை நான் கொன்றிருப்பேன். வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளிடம் அட்டையைக் கழற்றிக் காட்டினேன். அவர்களில் ஒரு சிறுமி அதை உரக்கப் படித்தாள். ஒருவரும் முறையிடவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு நடைபாதைப் பக்கம் போய்விட்டார்கள்.

எழுதுபவர் யார் என்று அறியாமல் இனி இருக்க முடியாது என்று மறுநாள் எட்டு மணிக்குக் கால் மணி முன்பாகவே போனேன். திடலின் தெற்கு மூலையில், மடித்த செய்தித்தாளின் மேல் மண்டியிட்டு, கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு முதிய அம்மையார் இருந்தார். நீண்ட உலோக முனை கொண்ட ஒரு தெர்மாமீட்டரை மண்ணில் செருகிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறந்ததும் கையை உயர்த்தினார். "இரண்டு நிமிடம் பொறுங்கள், தம்பி. முள் நிலைக்கட்டும்." இரண்டு நிமிடங்கள் நாங்கள் இருவரும் பேசாமல் அந்த முள்ளையே பார்த்தோம். 7-ஐ ஒட்டி நின்றது. அவர் அதைக் குறித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு வணக்கம் சொன்னார்.

பல ஆண்டுகள் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "எல்லோரும் மண்வாரி எடுத்துக்கொண்டு போனார்கள். என்னால் குனிந்து பாரம் தூக்க முடியாது. மண்டியிட முடிகிறது. மண்டியிட்டு என்ன செய்யலாம் என்று யோசித்தேன்" என்றார். அவ்வளவுதான் விளக்கம்.

அன்று அவர் எனக்குக் காட்டியதை நான் மறக்கமாட்டேன். சேற்று நிறத்தில் இருந்த ஒரு புல் கொத்தை விரல்களால் பிடுங்கி, சட்டைப் பையிலிருந்த சிறு கத்தியால் வேருக்கும் இலைக்கும் நடுவிலுள்ள தண்டின் அடிப்பகுதியை நெடுக்காகப் பிளந்தார். உள்ளே வெண்மையாக, அழுத்தினால் நசுங்காமல் கெட்டியாக இருந்தது. அதுவே பழுப்பாகிக் குழைந்திருந்தால் அந்தப் புல் இறந்துவிட்டது என்று பொருளாம். உறக்கத்தில் இருக்கும் புல் குளிர்ந்த நீருக்கடியில் சில நாட்கள் தாக்குப்பிடிக்கும் என்றும், அதே வெள்ளம் கோடையில் வந்திருந்தால் கதை வேறு என்றும் சொன்னார். தெற்குப் பாதியில் பத்து இடங்களில் பிளந்து பார்த்தோம். எட்டு இடங்களில் வெண்மை. வடக்குப் பாதியில் பத்தில் இரண்டுதான். எந்தப் பாதியைக் காப்பது, எந்தப் பாதியில் விதைப்பது என்ற கேள்விக்கு அங்கேயே, அந்தச் செய்தித்தாளின் மேலேயே விடை கிடைத்தது.

வெயில் இவ்வளவு அடித்தும் மண் ஏன் சூடாகவில்லை என்று நான் கேட்டேன். ஈர மண்ணைச் சூடாக்கக் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பம் வேண்டும், போதாததற்கு நீர் ஆவியாகும்போது இருக்கும் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது என்று ஒரு மாணவனுக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார். ஆகவே அவசரப்பட்டு விதைப்பதில் பயனில்லை, 10 டிகிரியை மண் தொட்டு அங்கே நிற்கட்டும் என்றார். பதின்மூன்றாம் அட்டையில் 10 வந்தது. அன்றே வடக்குப் பாதியில் விதைத்தோம். அவர் சொன்னபடி, விரைவில் முளைக்கும் ரைகிராஸையும், இரண்டு முதல் நான்கு வாரம் எடுத்துக்கொண்டாலும் பின்னால் படர்ந்து தரையைக் கட்டிப்பிடிக்கும் புளூகிராஸையும் கலந்து தூவினோம். எட்டாம் நாள், அதாவது இருபத்தொன்றாம் அட்டையில், எண்ணுக்குக் கீழே ஒரே ஒரு சொல் இருந்தது: 'முளை.' அதைப் படித்தவர்கள் குனிந்து, கன்னத்தைத் தரையோடு சேர்த்து, சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அந்தப் பச்சை மயிரிழைகளைத் தேடிக்கொண்டிருந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த ஊரில் நான் பல ஆண்டுகளாக இந்த ஆட்டங்களை ஒருங்கிணைத்து வருகிறேன். ஒவ்வொரு வசந்தத்திலும் திறப்பு நாளை நாட்காட்டியைப் பார்த்தே குறித்திருக்கிறேன். தரை தயாரா என்று தரையை ஒருபோதும் கேட்டதில்லை. மழை பெய்த மறுநாளும் ஆட்டம் நடத்தியிருக்கிறேன். கோல் கம்பத்தின் முன்னால் ஆண்டுதோறும் ஏன் மொட்டைத் தரையாகிறது என்று ஆண்டுதோறும் வியந்திருக்கிறேன். குழந்தைகளுக்கு நாம் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைத்திருந்தேன். இந்த இருபத்து மூன்று நாட்களில் அவர்கள் காத்திருக்கக் கற்றுக்கொண்டார்கள், அதுவும் முணுமுணுப்பில்லாமல், ஏன் காத்திருக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டு. அதை நானோ மற்றப் பயிற்சியாளர்களோ கற்றுக்கொடுக்கவில்லை.

ஆகவே உங்கள் அனைவரின் முன்னிலையிலும் ஒரு வாக்குறுதி தருகிறேன். இனி எந்த வசந்தத்திலும் திறப்பு நாளை நான் தனியாகக் குறிக்கமாட்டேன். பனி உருகிய நாளிலிருந்து மண்ணின் வெப்பம் அளக்கப்படும். ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் தட்டினால் அது உதிர்கிறதா, களிமண்போல ஒட்டிக்கொள்கிறதா என்று பார்க்கப்படும். அதன் பின்பே வாயில் திறக்கும். எவ்வளவு அழகான ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நான் தடுமாறினால், அந்த ஒன்பதாம் அட்டையை எனக்குக் காட்டுங்கள். அதை உறையோடு பத்திரப்படுத்தி, விளையாட்டுப் பொருட்கள் வைக்கும் அறையின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.

அம்மா, நேற்று முதல் விசிலுக்கு முன் உங்களை நடுவட்டத்துக்கு அழைத்தபோது வர மறுத்துவிட்டீர்கள். வேலியோரமே போதும் என்றீர்கள். பிள்ளைகள் அங்கே ஓடி வந்து உங்களைச் சூழ்ந்துகொண்டதை நான் தொலைவிலிருந்து பார்த்தேன். அவர்களுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அதன் பிறகு ஆட்டம் முடியும்வரை ஒரு பிள்ளைகூட வடக்குப் பாதியின் கயிற்றைத் தாண்டவில்லை. பந்து அந்தப் பக்கம் உருண்டபோதெல்லாம், அவர்களே விளையாட்டை நிறுத்திவிட்டு, ஒருவர் மட்டும் ஓரமாக நடந்து போய் எடுத்து வந்தார்கள்.

இனி நடக்கப்போவதைச் சொல்லி முடிக்கிறேன். தெற்குப் பாதியில் ஆட்டங்கள் குறைந்த எண்ணிக்கையில், அணிகள் மாறி மாறி, தொடர்ந்து நடக்கும். வடக்குப் பாதியின் கயிறு, புதுப்புல்லை இரண்டு முறையாவது வெட்டும்வரை அப்படியே இருக்கும். நாய்களோடு நடக்க வருபவர்களும் அதை மதிக்குமாறு வேண்டுகிறேன். ஆற்றோர நடைபாதை முழுவதும் திறந்துவிட்டது. மரத்தடியில் நடக்கும் கதை நேரமும் அடுத்த வாரம் முதல் வழக்கம்போல் நடைபெறும்.

தெர்மாமீட்டர் நாளை முதல் எட்டு வயதுப் பிள்ளைகளின் பொறுப்பில் இருக்கும். அளந்து எழுத விரும்பும் குழந்தைகள் காலை 7.45-க்குத் தெற்கு மூலைக்கு வரலாம். அந்த அம்மையாரும் உடன் இருப்பார். மண்டியிட மடித்த செய்தித்தாள் கொண்டுவரச் சொன்னார். முள் நிலைக்கும் வரை யாரும் பேசக் கூடாதாம்.

மாறாத நன்றியுடன்,
திடல் ஒருங்கிணைப்பாளர்