களா வேலி ஏன் காய்ப்பதில்லை?

ஆசிரியருக்கு வணக்கம்.

உயிர்வேலி பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் புளிப்புப் பழம் தரும் முட்செடியான களாவுக்கும் இடம் கொடுத்திருந்தது நல்ல விஷயம். ஆனால் மாசியில் கவாத்து செய்யச் (கிளைகளை வெட்டிவிடச்) சொன்னதும், விதையைக் காயவைத்துச் சேமிக்கச் சொன்னதும் சரியல்ல.

களா கிளை நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். மாசி, பங்குனியில் வேலியைச் சதுரமாக வெட்டினால் பூவும் பிஞ்சும் கத்திரியோடு போய்விடும். வேலி பச்சைப்பசேலென்று நிற்கும். காய் மட்டும் இருக்காது. பழியோ செடிமேல்! ஆவணி, புரட்டாசியில் கடைசிப் பழத்தைப் பறித்த கையோடு வெட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் துளிர்த்த கிளைகள் அடுத்த பூப்புக்குள் முற்றிவிடும். தண்ணீரும் உரமும் அள்ளிக் கொடுத்தாலும் இலைதான் மண்டும். வேரில் நீர் தேங்கினால் செடியே அழுகும்.

களா விதை காய்ந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். நன்றாகக் கறுத்த பழத்தைப் பிசைந்து, பிசுக்குப் போகக் கழுவி, நிழலில் ஈரம் உலர்ந்ததும் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு போதும். இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும். வெறும் குச்சியை நட்டால் பெரும்பாலும் வேர் பிடிக்காது. தாய்ச்செடியின் குணம் மாறாமல் வேண்டுமென்றால் மழைக்காலத்தில் விண்பதியன் போடலாம், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விட வைத்துப் பிரித்தெடுக்கலாம். கன்று ஓரடி உயர்ந்தபின் ஐப்பசி மழையில் நடலாம். வேலிக்கு இரண்டு மூன்றடி இடைவெளி, பழத்துக்கென்றால் பத்தடி. முள் முற்றும்வரை ஆடு கடிக்காமல் காக்க வேண்டும். விதைக்கன்று மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். இவையெல்லாம் பெருங்களாவுக்கு. புதர்க்காடுகளில் தானாக வளரும் சிறுகளாவின் பழம் சின்னது.

பால் வடிவதால் பலர் அஞ்சுகிறார்கள். அரளியும் இதே குடும்பம்தான், அது நஞ்சு. களாவில் பழத்தை உண்ணலாம். ஊறுகாய்க்குச் செங்காயாகப் பறித்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாகக் கீறி விதையை எடுத்துவிட்டு, உப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசினால் பிசின் போகும். கிலோவுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் உப்பு வேண்டும். புளிப்பு அதிகம் என்பதால் அலுமினியப் பாத்திரம் கூடாது. பீங்கான் அல்லது கண்ணாடி ஜாடிதான் ஏற்றது.

பேக்கரிகளில் கேக்கின் மேல் பதிக்கும் சிவப்புச் ‘செர்ரி’யும் பல இடங்களில் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். அதைக் காசு கொடுத்து வாங்கும் நாம், சொந்த வேலியில் பூக்கிற நேரம் பார்த்துக் கத்திரியைத் தூக்குகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்