எரர் வந்தால் சூடோ போடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லினக்ஸில் சோர்ஸ் கோடிலிருந்து (நிரலர் எழுதிய மூல வரிகள்) லைப்ரரியை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்பு) நாமே கட்டி நிறுவுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் இதை எழுதுகிறவர்கள் குறைவு என்பதால் ஆசையோடுதான் பக்கத்தைத் திருப்பினேன். ஆனால் நடுவில் வந்த இரண்டு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது: "கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என மூன்றே கட்டளைதான். எங்காவது எரர் வந்தால் முன்னால் சூடோ சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்."

கான்ஃபிகர் தேவையானவை இயந்திரத்தில் இருக்கின்றனவா என்று சோதிக்கும்; மேக் கம்பைல் செய்யும், அதாவது சோர்ஸை இயந்திர மொழிக்கு மாற்றும்; மேக் இன்ஸ்டால் உரிய இடத்தில் வைக்கும். சூடோ என்பது ஒரு கட்டளையை ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள நிர்வாகியாக, ஓட்டுவது. இதில் என்ன தவறு என்று தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர் கண்ணைத் தாண்டி இது எப்படி அச்சேறியது என்பதுதான் என் வருத்தம்.

ஹோம் ஃபோல்டருக்குள் பிரித்துவைத்த சோர்ஸில் கான்ஃபிகரோ மேக்கோ நின்றுபோனால், அதற்கும் அனுமதிக்கும் சம்பந்தமே இல்லை. ஹெடர் ஃபைல் (லைப்ரரியில் என்னென்ன உண்டு என்று கம்பைலருக்குச் சொல்வது) இல்லாமல் நிற்கும், கம்பைலர் பழையதாக இருந்தால் நிற்கும், மெமரி போதாமல் நிற்கும். ரூட்டாக மாறி ஓட்டினால் இல்லாத ஹெடர் முளைத்துவிடுமா? நடப்பது வேறு. பாதி கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்கள் ரூட் பெயரில் ஃபோல்டரில் தங்கிவிடும். அடுத்து சூடோ இல்லாமல் மேக் கொடுத்தால் 'பெர்மிஷன் டினைடு' என்று வரும். முதலில் இல்லாத அனுமதிச் சிக்கலைக் கட்டுரையே உண்டாக்கிக் கொடுத்துவிட்டது. சரிசெய்து தரும்படி என்னிடம் வரும் இயந்திரங்களில் ஓயாமல் பார்ப்பது இதைத்தான். அந்த ஃபோல்டரையே அழித்து, சோர்ஸைப் பொதிந்துவந்த டார் ஃபைலை மறுபடி பிரித்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. சூடோவுக்கு வேலை இன்ஸ்டால் கட்டத்தில் மட்டும்தான். அதுவும் /யூஎஸ்ஆர்/லோக்கல் போன்ற பொது இடத்தில் வைத்தால் மட்டும்.

கான்ஃபிகர் நின்றால் திறக்க வேண்டியது அதே ஃபோல்டரில் அது எழுதிவைக்கும் கான்ஃபிக்.லாக். 'சி கம்பைலர் கேன்னாட் கிரியேட் எக்ஸிக்யூட்டபிள்ஸ்' என்று திரையில் ஒற்றை வரிதான் தெரியும். எந்தச் சோதனை நிரலை எந்த ஆப்ஷனோடு கம்பைல் செய்து பார்த்தது, கம்பைலர் என்ன பதில் சொன்னது என்ற முழு விவரமும் லாகில் இருக்கும். ஃபைலின் கடைசியில் வெறும் மாறிகளின் பட்டியல்தான் கிடக்கும் என்பதால், திரையில் வந்த எரர் வாசகத்தை உள்ளே தேடி அதற்குச் சற்று மேலே படிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஒரு ஹெடர் ஃபைலின் பெயர் இருக்கும். லைப்ரரி ஏற்கெனவே இயந்திரத்தில் இருந்தாலும் அதன் ஹெடர்கள் தனிப் பேக்கேஜில் வருகின்றன: டெபியன், உபுண்டுவில் ஸீலிப்1ஜி-டெவ், ஃபெடோராவில் ஸீலிப்-டெவெல் என்பதுபோல. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். முழுக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி இல்லை. கிட் களஞ்சியத்திலிருந்து இறக்கிய சோர்ஸில் பெரும்பாலும் கான்ஃபிகர் ஃபைலே இருக்காது, ஆட்டோரீகான்ஃப் கட்டளையை 'ஐ' என்ற ஆப்ஷனோடு கொடுத்து உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை.

எரரே வராமல் தப்பாகிப்போவதும் உண்டு. கட்டாயமில்லாத டிபென்டன்சி (சார்ந்திருக்கும் லைப்ரரி) கிடைக்காவிட்டால் கான்ஃபிகர் அந்த வசதியை அணைத்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்விடும். மறையாக்க லைப்ரரியான ஓபன்எஸ்எஸ்எல்லின் ஹெடர் இல்லாமல் பைத்தானைக் கட்டிப் பாருங்கள்: மேக் முடியும், இன்ஸ்டாலும் முடியும், பைத்தான் பேக்கேஜ்களை நிறுவும் பிப் வைத்து எதையாவது இறக்கும்போதுதான் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று தெரியும். விடுபட்ட மாட்யூல்களின் பட்டியலை மேக் தன் கடைசி வரிகளில் சொல்லித்தான் இருக்கும். மூன்றே கட்டளை என்று நம்பவைக்கப்பட்டவர் அதைப் படிக்க நிற்க மாட்டார்.

இயந்திரத்தில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையை மேக்கின் ஜே எண்ணாக (ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பது) கொடுக்கச் சொல்கிறது கட்டுரை. பெரிய சி பிளஸ் பிளஸ் சோர்ஸில் ஒரு கம்பைலர் ப்ராசஸே 1 ஜிபிக்கு மேல் மெமரி எடுக்கலாம். 8 கோர், 4 ஜிபி உள்ள இயந்திரத்தில் மெமரி தீர்ந்து, அந்த ப்ராசஸ்களில் ஒன்றைக் கெர்னல் கொன்றுவிடலாம். 'கில்டு' என்ற சொல்லோடு சிசி1பிளஸ் என்ற கம்பைலர் ப்ராசஸின் பெயர் வரும். அப்போது ஜே எண்ணை 2-க்குக் குறைக்க வேண்டும். மற்ற எரர்களிலும் கடைசியில் தெரியும் 'எரர் 2' காரணம் ஆகாது. பல ப்ராசஸ்களின் வரிகள் கலந்துவிடுவதால், ஜே1 வைத்து மறுபடி ஓட்டி முதல் எரரைப் பிடிக்க வேண்டும்.

இது ஒன்றோடு போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். கட்டளைகளை இதழில் அச்சிடும் முறையைப் பற்றி முன்பும் எழுதினேன், பதில் இல்லை. இரண்டு சிறு கோடுகள் வர வேண்டிய இடத்தில் பக்க வடிவமைப்பு மென்பொருள் அவற்றை ஒட்டி ஒரே நீளக் கோடாக்கிவிடுகிறது. சீமேக் என்ற இன்னொரு கட்டும் கருவியின் --பில்ட், --இன்ஸ்டால் எல்லாம் அப்படித்தான் வந்திருக்கின்றன. பார்த்து அடிப்பவருக்கும் பிடிஎஃப்-இலிருந்து ஒட்டுபவருக்கும் வேலை செய்யாது. நேர் மேற்கோள் குறி வளைந்த குறியாகிறது. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு அது மேற்கோளே இல்லை என்பதால் உள்ளே இருக்கும் ஆப்ஷன்கள் துண்டுதுண்டாகச் சிதறுகின்றன. மேக் படிக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இதழில் வெற்றிடமாகத் தெரிவதைப் பார்த்து வாசகர் ஸ்பேஸ் அடிக்கிறார். 'மிஸ்ஸிங் செப்பரேட்டர்' என்று நிற்கிறது. கட்டுரையாளர் சரியாக எழுதித் தந்ததும் இப்படி அச்சில் கெடுகிறதே, அதைப் பார்க்க ஆளில்லையா?

கேள்வி-பதில் பகுதியையும் சொல்லியாக வேண்டும். லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1 (ஓபன்எஸ்எஸ்எல்லின் லைப்ரரி ஃபைல்) இல்லை என்று கேட்டவருக்கு, லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) போடச் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகாது என்பதற்காகத்தான் பெயரிலுள்ள எண்ணையே மாற்றியிருக்கிறார்கள். லிங்க் போட்டாலும் 'ஓபன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்' என்று வெர்ஷன் பெயரில் நின்றுவிடும். இன்னொருவருக்கு 'ஜிலிப்சி 2.34 நாட் ஃபவுண்ட்' வந்தது. இயந்திரத்தின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியையே சோர்ஸிலிருந்து கட்டி /யூஎஸ்ஆர் மீது நிறுவும்படி பதில். எல்எஸ், சிபி, சூடோ எல்லாமே அந்த ஒரு லைப்ரரியின் மேல்தான் நிற்கின்றன. நிரலோடு அதன் லைப்ரரிகளைச் சேர்த்து ஏற்றும் லோடர் ஒரு வெர்ஷனும் லைப்ரரி வேறு வெர்ஷனுமாக ஆகிவிட்டால் எந்தக் கட்டளையும் ஓடாது. யூஎஸ்பி-யிலிருந்து பூட் செய்துதான் மீட்க வேண்டும். அந்த வாசகருக்குச் சொல்லியிருக்க வேண்டியது, நிரலைத் தன் இயந்திரத்திலேயே கம்பைல் செய்துகொள்ளுங்கள் என்பதே.

சென்ற இதழ் கட்டுரை முடியும் இடமும் பாதி வழிதான். நிறுவிய பிறகு நிரலை ஓட்டினால், 'எரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்' என்று வரும். ஃபைல் கண்ணெதிரே இருக்கும். லோடர் பார்ப்பது பழைய பட்டியல். சூடோ எல்டிகான்ஃபிக் கொடுத்தால் பட்டியல் புதுப்பிக்கப்படும். டெபியன், உபுண்டுவில் இதுவே போதும். ஃபெடோராவில் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் தேடும் இடங்களில் இருக்காது என்பதால் /இடிசி/எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி-க்குள் ஒரு ஃபைலில் அந்தப் பாதையை எழுதிவிட்டு எல்டிகான்ஃபிக் கொடுக்க வேண்டும். எந்த லைப்ரரி எங்கிருந்து வருகிறது என்று எல்டிடி காட்டும். நீக்குவது பற்றிப் பேச்சே இல்லை. மேக் அன்இன்ஸ்டால் எல்லாச் சோர்ஸிலும் கிடையாது. நிறுவும் இடத்தைக் கான்ஃபிகருக்குச் சொல்லும் ப்ரிஃபிக்ஸில் /ஆப்ட்-க்குள் பெயரும் வெர்ஷனும் கொண்ட தனி ஃபோல்டரைக் கொடுத்திருந்தால், பிறகு அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும்; நிறுவியதும், லைப்ரரி இருக்கும் இடத்தை மற்ற சோர்ஸ்களுக்குச் சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் பாத்தில் அதன் லிப்/பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டரைச் சேர்த்து, மேலே சொன்னபடி அதன் லிப் பாதையை லோடருக்கும் தெரியப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சூடோ வரியை நான் பெரிதுபடுத்துகிறேன் என்று தாங்கள் நினைத்தால், 2024 மார்ச்சை நினைவுபடுத்துகிறேன். ஃபைல் சுருக்கும் கருவியான எக்ஸ்ஸியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் கண்டு வெளியிட்டார். அதைக் கிளப்பிவிடும் எம்4 ஃபைல் (கான்ஃபிகரை உண்டாக்கப் பயன்படுவது) கிட் களஞ்சியத்தில் இல்லை; வெளியீட்டு டார் ஃபைலில் மட்டும் இருந்தது. அது வேலையைத் தொடங்கியது கான்ஃபிகர் ஓடும்போதே. முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய கான்ஃபிகரை ரூட்டாக ஓட்டச் சொல்லி ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பத்திரிகையில் போடுவது எவ்வளவு பெரிய பொறுப்பின்மை! இறக்கிய ஃபைல் வழியில் மாறவில்லை என்று உறுதிசெய்ய, அதன் எஸ்ஹெச்ஏ256 எண்ணை வெளியிட்டவர் தந்த எண்ணோடு ஒப்பிடும்படியாவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் அந்த வரியை விலக்கிக்கொண்டு ஒரு திருத்தம் போடுங்கள். கட்டளைகளை ஒரே அகல எழுத்தில், தானாகக் கோடும் மேற்கோளும் மாற்றும் வசதியை அணைத்துவிட்டு அச்சிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

இப்படிக்கு,
தொடர்ந்து வாசிக்கும் ஒருவர்