தருமபுரிக்கு டிக்கெட், கிருஷ்ணகிரியில் இறக்கம்

தருமபுரி,
13.10.2025

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
(நாகர்கோவில் – பெங்களூரு ஏசி ஸ்லீப்பர் பேருந்து இயக்கும் நிறுவனம்)

பொருள்: 5.10.2025 ஞாயிறு இரவு எங்களைத் தருமபுரியில் இறக்காமல் கிருஷ்ணகிரியில் இறக்கியது, எங்கள் பையைப் பெங்களூருக்குக் கொண்டுபோனது, கேட்டதற்குக் கூப்பன் அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். காலாண்டு விடுமுறை முடிந்து கன்னியாகுமரியிலிருந்து ஊர் திரும்ப உங்கள் இணையதளத்திலேயே நான்கு படுக்கைகள் பதிவு செய்தேன். எனக்கு, என் மாமியாருக்கு, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு, ஆறாவது படிக்கும் மகனுக்கு. இறங்குமிடம் கேட்ட கட்டத்தைத் தொட்டதும் ‘தருமபுரி, நான்கு ரோடு, அதிகாலை 3.15’ என்று வந்தது. நான்கு ரோடு எங்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் சந்திப்பு. அதை எழுதி வைத்திருந்தது நீங்கள்தான். அதை நம்பித்தான் பணம் கட்டினேன். ஆளுக்கு 1,400 ரூபாய், அதற்கு மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 5,880 ரூபாய்.

அதே பேருந்தில் பெங்களூரு மடிவாளாவில் இறங்குபவருக்கும் அதே 1,400தான். எங்கள் ஊரிலிருந்து பெங்களூரு 130 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் போகாத அந்த தூரத்துக்கும் சேர்த்துத்தான் எங்களிடம் வாங்குகிறீர்கள். இது எனக்குப் புதிதில்லை, தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் எல்லோருக்கும் பழகிப்போன கணக்குதான். வழியில் ஏறி வழியில் இறங்குகிறவர்கள் என்பதால் முழுப் பணம் கட்டி அரை மரியாதை வாங்கிக்கொள்கிறோம். நாகர்கோவில் – பெங்களூரு ரயிலும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதில் இடம் கிடைத்திருந்தால் உங்களுக்கு இந்தக் கடிதம் வந்திருக்காது. ஆயுத பூஜை லீவு முடிந்து எல்லோரும் ஒரே நாளில் திரும்பியதால் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை.

அன்றைய பகலைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. காலையில் சூரிய உதயம், பிறகு படகில் விவேகானந்தர் பாறை, அங்கிருந்து போன டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்து வள்ளுவர் சிலை, மதியம் சுசீந்திரம். 77 மீட்டர் பாலம்தான். என் மாமியார் காலுக்குக் கீழே கடல் தெரிகிறது என்று கைப்பிடியை விடாமலே கடந்தார். மூட்டுவலிக்காரர். அன்று அவர் நடந்தது அவருடைய ஒரு மாத நடை. இதைச் சொல்வதற்குக் காரணம், மறுநாள் விடியற்காலையில் நீங்கள் அவரை எங்கே இறக்கி நடக்க வைத்தீர்கள் என்று இனி வருவதால்தான்.

நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் மாலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டிய பேருந்து 6.50க்குக் கிளம்பியது. தாமதத்தை நான் புகாராகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஏறும்போதே உதவியாளரிடம், “நாங்க தருமபுரி, பெரியவங்க இருக்காங்க, எறங்கறதுக்கு முன்னாடியே எழுப்பி விடுங்க தம்பி” என்றேன். “எழுப்பிடுவோங்க்கா” என்றார். மூன்று பைகளையும் வாங்கி இரண்டை ஒரு பக்க டிக்கியிலும் ஒன்றை மறுபக்க டிக்கியிலும் போட்டார். ஏன் பிரித்தார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

எழுப்ப யாரும் வரவில்லை. அதற்கு அவசியமும் ஏற்படவில்லை. தொப்பூர் கணவாயைத் தூங்கிக்கொண்டே கடக்கும் தருமபுரிக்காரர் குறைவு. அந்த மலைப்பாதையில் நடந்த விபத்துகளைப் பேப்பரில் படித்துப் படித்தே எங்களுக்குத் தூக்கம் கலைந்துவிடும். பாளையம் சுங்கச்சாவடி வரும்போது பிள்ளைகளை எழுப்பி, செருப்பு தேடி, மாமியாரைக் கீழ்ப் படுக்கையில் உட்கார வைத்துத் தயாராக இருந்தோம். நான் போய் ஓட்டுநர் அறைக் கதவைத் தட்டினேன். ஒரு முறை தட்டியதற்குப் பதில் இல்லை. மறுபடி தட்டியபோது உதவியாளர் பாதி திறந்து, “ஊருக்குள்ள போவாதுக்கா, பைபாஸ்தான்” என்றார். டிக்கெட்டைக் காட்டினேன். “அது ஆன்லைன்ல அப்படித்தான் இருக்கும்” என்றார்.

சரி, பைபாஸிலாவது நிறுத்துங்கள் என்றேன். இந்த இடத்தை நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். ஊருக்குள் வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்ததால் நேரம் போனது என்று உங்கள் பதிலில் எழுதியிருக்கிறீர்கள். நான் பைபாஸுக்கு ஒப்புக்கொண்டேன். எங்களோடு தருமபுரிக்கு வந்த கல்லூரிப் பையன் ஒருவரும் அதையே சொன்னார். பேருந்து நிற்கவில்லை. பைபாஸில் வண்டி நிறுத்தினால் பின்னால் லாரி வந்து அடிக்கும், போலீஸ் கேஸ் போடும், கிருஷ்ணகிரியில் வெளிச்சமான இடத்தில் இறக்கி விடுகிறோம், அங்கிருந்து பஸ் நிறைய இருக்கிறது என்று ஓட்டுநர் உள்ளிருந்தே சொன்னார். அந்த இருட்டில் நெடுஞ்சாலை ஓரம் இறக்குவது ஆபத்து என்பது நியாயம்தான். அதற்காகத்தானே நான்கு ரோடு என்று பதிவு செய்தேன்? சேலம் – பெங்களூரு அரசுப் பேருந்துகள் இரவிலும் எங்கள் பேருந்து நிலையத்துக்குள் வந்து போகின்றன. ஊருக்குள் வண்டி வராத அளவுக்குத் தருமபுரி குறுகிப்போய்விடவில்லை.

காரிமங்கலம் போனது, காவேரிப்பட்டணம் போனது. சொந்த ஊரின் விளக்குகளை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனோம். என் மாமியார் மட்டும், “ஊரத் தாண்டிப் போயி ஊருக்கு வர்றதுக்கு ஆயிரத்து நானூறு ரூவாயா?” என்றார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை, உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

கிருஷ்ணகிரியில் இறக்கிய இடம் ‘வெளிச்சமான இடம்’ இல்லை. மேம்பாலத்துக்கு முன்னால், சர்வீஸ் ரோடு ஓரம். அப்போது மணி 4.40. உதவியாளர் ஒரு பக்க டிக்கியை மட்டும் திறந்து இரண்டு பைகளைத் தரையில் வைத்தார். மூன்றாவது பை அந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டிக்கியை அடித்து மூடிவிட்டு ஏறிக்கொண்டார். கல்லூரிப் பையன் வண்டியைத் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினார். பின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் பையில் மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் இருந்தன. மகளின் ரெக்கார்டு நோட்டும் இருந்தது. விடுமுறையில் எழுதி முடித்து, திங்கள்கிழமை பள்ளியில் வைக்க வேண்டியது. நேந்திரம் சிப்ஸ் பாக்கெட்டுகளும் இருந்தன. அவற்றில் ஒன்று திரும்பி வரவில்லை, அதை நான் கேட்கப்போவதில்லை.

மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்து சர்வீஸ் ரோட்டில் நடந்தோம். டீக்கடை ஒன்று திறந்திருந்தது. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துப் போட்டு, “தருமபுரிக்காரங்களா? இங்க எறக்கி வுட்டாங்களா?” என்று கேட்டார். நாங்கள் வாய் திறக்கும் முன்பே கேட்டார் ஐயா. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டிகளில் இது வழக்கம் என்றும், திங்கள் காலையில் அத்திப்பள்ளி, சில்க் போர்டு நெரிசலுக்கு முன்னால் பெங்களூருக்குள் நுழைய எல்லோரும் பறக்கிறார்கள் என்றும் சொன்னார். டீக்கடைக்காரருக்குத் தெரிந்த வழக்கம் உங்கள் அலுவலகத்துக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

கிருஷ்ணகிரி ரயில் இல்லாத ஊர். அதனால் ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போய், சேலம் வண்டியில் உட்கார்ந்து, வந்த வழியே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் திரும்பி வந்தோம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸுக்குத்தான், இந்தப் பேருந்துக்கு இல்லை. நாலு பேருக்கும் மறுபடி டிக்கெட். காவேரிப்பட்டணம் தாண்டும்போது போனில் உங்கள் குறுஞ்செய்தி வந்தது: ‘தருமபுரியில் தங்கள் பயணம் இனிதே நிறைவுற்றது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்.’ வீடு வந்து சேர ஏழு மணியானது. மகள் அன்று பள்ளிக்குப் போகவில்லை. மாமியாருக்குக் காலை மாத்திரையை மெடிக்கல் ஷாப் திறந்த பிறகு வாங்கிக் கொடுத்தோம்.

பையைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர் எண்ணில் கேட்டபோது, பெங்களூரு கலாசிபாளையம் அலுவலகத்தில் இருக்கிறது, அடையாள அட்டையோடு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுநாள் தெற்கே வரும் உங்கள் வண்டியிலேயே கொடுத்தனுப்பக் கூடாதா என்றதற்கு, தருமபுரியில் எங்களுக்கு ஸ்டாப் இல்லையே என்றார் அந்தப் பெண். தருமபுரிக்கு டிக்கெட் விற்கும் நிறுவனத்தின் ஊழியர் சொன்ன பதில் இது. கடைசியில் ஓசூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டு, பெங்களூரு போய் வாங்கி வந்தார்.

6ஆம் தேதியே மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். 9ஆம் தேதி பதில் வந்தது. இறங்குமிடத்தைச் சூழ்நிலைக்கேற்ப மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டாம், சிரமத்துக்கு வருந்துகிறீர்களாம், அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ள 200 ரூபாய் கூப்பனாம். நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒருவர் ரசீதில் தவறு என்று வந்தால் முதலில் லெட்ஜரைப் புரட்டுவோம், பிறகுதான் பேசுவோம். உங்களிடம் லெட்ஜரை விடத் தெளிவான சாட்சி இருக்கிறது. பேருந்து எங்கே போகிறது என்று பார்க்க நீங்களே அனுப்பிய இணைப்பில், வண்டி தருமபுரியைத் தாண்டியதும் கிருஷ்ணகிரியில் நின்றதும் நேரத்தோடு பதிவாகியிருக்கிறது. அதை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் பதிவைத் திறந்து பார்த்திருந்தால் அந்தப் பதிலை எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஓட்டுநரையும் உதவியாளரையும் வேலையை விட்டு நீக்கி இந்தப் புகாரை முடித்துவிட வேண்டாம். இறங்கும்போது ஓட்டுநர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ரெண்டு டிக்கெட்டு மூணு டிக்கெட்டுக்கெல்லாம் ஊருக்குள்ள போகாதீங்கன்னு ஆபீஸ்லதாங்க சொல்லியிருக்காங்க. லேட்டானா எங்களத்தான் கேப்பாங்க.” இது உண்மையானால் தவறு வண்டியில் நடக்கவில்லை, டிக்கெட் விற்ற இடத்தில் நடந்திருக்கிறது. நிறுத்தும் எண்ணம் இல்லாத ஊரின் பெயரைப் போட்டுக் காலிப் படுக்கைகளை நிரப்பிக்கொள்கிறீர்கள். ஐம்பது ரூபாய் குறைவாக விற்றாலும் ‘தருமபுரி பைபாஸ்’ என்று நேர்மையாக எழுதியிருந்தால், என் வீட்டுக்காரர் தெரிந்தவரின் காரைப் பைபாஸில் நிற்கச் சொல்லியிருப்பார். மாமியாருக்கு அந்த நடையும் இருந்திருக்காது.

நான் கேட்பது பெரிய தொகை இல்லை. நாகர்கோவிலிலிருந்து தொப்பூர் வரை பத்திரமாகக் கொண்டுவந்தீர்கள், அதற்கான பணத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை. நான்கு டிக்கெட்டில் ஒரு டிக்கெட்டின் கட்டணம் வரியோடு 1,470 ரூபாய், கிருஷ்ணகிரியிலிருந்து வீடு வந்த செலவு, பையை எடுக்கப் போய்வந்த செலவு. ஆட்டோவுக்கு ரசீது கிடையாது, மற்றவற்றுக்கு இருக்கிறது. இவற்றை என் வங்கிக் கணக்கில் போடுங்கள், கூப்பன் வேண்டாம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. தீபாவளி அடுத்த திங்கள்கிழமை. பண்டிகை முடிந்து பெங்களூருக்குத் திரும்பும் கூட்டத்துக்காக இன்றும் உங்கள் தளத்தில் ‘தருமபுரி, நான்கு ரோடு’ விற்பனையில் இருக்கிறது, கட்டணம் மட்டும் ஏறியிருக்கிறது. அங்கே வண்டி வருமா, வராதா? வராது என்றால் இன்றைக்கே அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே பதிவு செய்தவர்களுக்கு போன் செய்து சொல்லுங்கள்.

இணையவழி வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புகை எனக்கு வரவே இல்லை. ஒரு மாதம் நவம்பர் 6ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் தீர்வு வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாட்டு வழக்குப் போடுவேன். உங்கள் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இந்தத் தொகைக்கு ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. வாய்தாவுக்கு நீங்கள் எங்கள் ஊருக்கு வரவேண்டியிருக்கும், அப்போதாவது உங்கள் வண்டி நான்கு ரோட்டில் நிற்கட்டும்.

இப்படிக்கு,
நான்கு படுக்கைகளுக்குப் பணம் கட்டிய பயணி,
தருமபுரி.

இணைப்பு: டிக்கெட் நகல், பேருந்து சென்ற வழியைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டுகள், உங்கள் குறுஞ்செய்தி, கிருஷ்ணகிரி – தருமபுரி பேருந்துச் சீட்டுகள் நான்கு, கலாசிபாளையத்தில் பை வாங்கியதற்கான கையொப்பச் சீட்டு.