நிரையில் இடம் விட்டவர்களுக்கு

எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கும் தேயிலைக் கொழுந்து மலை அக்காமாருக்கும் வணக்கம்.

போன கிழமை புது அடையாள அட்டை கைக்கு வந்தது. பால் என்ற இடத்தில் பெண் என்று இருக்கிறது. 2016இல் சுகாதார அமைச்சு விட்ட சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியரிடம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்து, பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, அப்புறம்தான் அட்டை. கிளினிக்குக்காகக் கண்டிக்குப் போன நாளெல்லாம் ஒரு பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போனது. "பேர் மாத்தப் போயி பேரை விட்டுட்டியே" என்று கணக்கப்பிள்ளை ஐயா சிரித்தார். ஆனால் தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் பழைய பெயர் கிடந்த காலத்திலேயே, கொழுந்து நிறுக்கும்போது புதுப் பெயரைத்தான் கூப்பிட்டவர் அவர். முதல் நாள் மட்டும் ஒருதரம் இருமிக்கொண்டார்.

ஏழு மாசி, மன்மதன் கதை ஆடுகிற காமன் கூத்தில் ரதி வேடம் கட்டியிருக்கிறேன். அப்போது காலில் விழுந்து கும்பிட்டவர்களில் சிலர், நான் சேலையோடு பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனபோது விசில் அடித்தார்கள். (யாரென்று எழுதவில்லை, அவர்களுக்கே தெரியும்.)

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த என்னைப் பெண்களோடு கொழுந்து நிரைக்கு (செடி வரிசைக்கு) விடச் சொல்லி கங்காணியிடம் கேட்டது நானல்ல, கடைசிக் காம்பரா (அறை) பெரியம்மா. "ஒரு பிள்ள கூட நின்னா ஒங்க நிரை கோணிப் போயிருமா?" என்றார். மறுநாள் காலை நான் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து, உதறி, இரண்டாக மடித்துத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டிவிட்டார். தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். வேறெதையும் கேட்கவில்லை. "முத்தலைப் பறிச்சிராத" என்றதோடு சரி. பக்கத்து நிரை அக்காவும் கொஞ்சம் தள்ளி நின்று இடம் விட்டார்.

சிங்களத்தில் வந்த படிவத்தை இரவு பதினொரு மணி வரை இருந்து நிரப்பிய தங்கச்சிக்கும், ஆட்டோவில் என்னைக் கேலி செய்தவர்களைப் பாதி வழியில் இறக்கிவிட்ட தம்பிக்கும் நன்றி. ஓர் அலுவலகத்தில் என்னை நிற்கவைத்துச் சிரித்தார்கள். அன்று எனக்காகச் சத்தம் போட்டது சீட்டுப் பிடிக்கிற மாமி. பஸ் காசும் அவருடையதுதான். இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, சம்பளத்தன்று தந்துவிடுகிறேன்.

அம்மாவுக்கு நன்றி சொன்னால் அடி விழும். இன்னமும் சில நேரம் பழைய பெயர் வாயில் வந்து, நாக்கைக் கடித்துக்கொள்கிறார்.

வருகிற மாசிக்கு ரதி வேடத்தை வேறு யாராவது பையனுக்குக் கொடுங்கள். சேலை கட்டப் பழக்குவது என் பொறுப்பு. நான் கூத்தைக் கும்பிட வாசலில் தட்டோடு நிற்கிற பெண்களோடு நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் லயத்துப் பிள்ளை