ஆங்கிலச் சொல்லழுத்தத்துக்கு விதி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேச்சு ஆங்கிலம் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரை, எந்த அசையை அழுத்துவது என்பதற்கு ஆங்கிலத்தில் விதியே இல்லை, மனப்பாடம் ஒன்றுதான் வழி என்று முடிந்திருந்தது. உச்சரிப்புப் பாடம் நடத்தியே ஓய்வுபெற்றவள் நான். அதை அப்படியே விட மனம் வரவில்லை. (சிலபிளை 'அசை' என்றே எழுதுகிறேன். யாப்பு படித்தவர்கள் பொறுத்தருள்க.)

'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில். 'ஃபோட்டோகிராஃபி' என்றதும் இரண்டாவதுக்குத் தாவுகிறது. காதில் விழுவது ஏறக்குறைய 'ஃபடாக்ரஃபி'. 'ஃபோட்டோகிராஃபிக்' ஆனால் மூன்றாவது. தான்தோன்றித்தனமாகத் தெரிகிறது அல்லவா? ஆனால் 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசைதான் அழுத்தம் பெறும்: 'அட்டாமிக்', 'எகனாமிக்'. 'ஷன்', 'இட்டி' ஆகிய விகுதிகளும் அப்படியே. 'பாலிடிக்ஸ்', 'கேத்தலிக்' போலச் சில முரண்டு பிடிக்கும். எந்த மொழியில்தான் விதிவிலக்கு இல்லை!

அதே ஆங்கிலத்தில் 'மதர்', 'மதர்லி', 'மதர்லினெஸ்' என்று எத்தனை விகுதி சேர்த்தாலும் அழுத்தம் இடம் மாறுவதில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலம் பிறப்பால் ஜெர்மானிய மொழி. வேர்ச்சொல்லின் முதல் அசையை அழுத்துவது அதன் பழைய வழக்கம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் திரளாக வந்தன, கடைசிப் பக்கம் அழுத்தம் விழும் பழக்கத்தோடு. 1400இல் மறைந்த கவிஞர் சாசரின் அடிகளில் 'நேச்சர்', 'வெர்ச்சூ' போன்ற சொற்களுக்குப் பின் அசையில் அழுத்தம் விழுவதைப் பார்க்கலாம். போகப்போக அவை முன்னுக்கு நகர்ந்தன. பிறகு லத்தீனும் கிரேக்கமும் வந்து, அழுத்தத்தை இழுக்கும் விகுதிகளைப் பெருக்கிவிட்டன. சொல் எந்த வழியாக வந்தது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இந்த நகர்வு இன்னும் ஓயவில்லை. 'பால்கனி'யின் இரண்டாம் அசையை அழுத்துவதுதான் ஒரு காலத்தில் முறை. 19ஆம் நூற்றாண்டில் அது முதல் அசைக்கு வந்தபோது, கேட்கவே குமட்டுகிறது என்று கவிஞர் சாமுவேல் ராஜர்ஸ் அங்கலாய்த்தார். இன்று யாருக்கும் குமட்டவில்லை. 'லெபாரட்டரி'யில் பிரிட்டிஷார் இரண்டாம் அசையை அழுத்துவார்கள், அமெரிக்கர்கள் முதலாவதை. 'கராஜ்' இதற்கு நேர்மாறு: அமெரிக்கர்களுக்குத்தான் இரண்டாவது. ஒன்றைச் சரி என்றும் மற்றதைப் பிழை என்றும் சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

பெயர்ச்சொல்லா வினைச்சொல்லா என்பதை அழுத்தமே காட்டிக்கொடுக்கும் இடங்களும் உண்டு. பெயரானால் 'ரெக்கர்ட்', வினையானால் 'ரிக்கார்ட்'. 1570இல் பீட்டர் லெவின்ஸ் வெளியிட்ட அகராதியில் இப்படிப் பிரியும் இணைகள் 'அவுட்லா', 'ரெபெல்', 'ரெக்கார்ட்' என்று மூன்றே. இன்று நூற்றுக்கும் மேல். பெயருக்கு முன்னால் 'எ', 'த' என்ற மெலிந்த சொற்களும், வினைக்குப் பின்னால் 'இங்' போன்ற மெலிந்த விகுதிகளும் வருவதால், வலிவும் மெலிவும் மாறிமாறி வர இந்தப் பிரிவு உதவுகிறது என்பது ஒரு விளக்கம். எனக்கு அது பொருத்தமாகவே படுகிறது. ஏனென்றால் வாக்கியத்திலும் அதே நாட்டம் தெரிகிறது. 'தர்ட்டீன்' என்று தனியாகச் சொன்னால் அழுத்தம் பின்னால். 'தர்ட்டீன் மென்' என்றால் முன்னால் போய்விடும். அழுத்தம் பெற்ற இரண்டு அசைகள் முட்டிக்கொள்வதை ஆங்கிலக் காது விரும்பாது.

'அழுத்தம் என்றால் உரக்கச் சொல்வது' என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஒலியியலாளர் டென்னிஸ் ஃப்ரை, 1955இல் 'ஆப்ஜெக்ட்', 'பெர்மிட்' போன்ற சொற்களைச் செயற்கைக் குரலில் ஒலிக்கவைத்துச் சோதித்தார். அதைக் காதால் கேட்டவர்கள், அது பெயரா வினையா என்று முடிவுசெய்ய, ஒலியின் உரப்பைவிட உயிரொலி நீளும் அளவே அதிகம் உதவியது. சுருதியின் ஏற்ற இறக்கத்துக்கும் பெரும் பங்கு உண்டு என்று பின்னர் காட்டினார். ஆகவே கத்த வேண்டாம், நீட்டினால் போதும். குறிலையும் நெடிலையும் பிரித்துக் கேட்டே வளர்ந்த நமக்கு இது எளிதுதான்.

நமக்குக் கடினமானது மறுபாதி: அழுத்தம் பெறாத அசையைச் சுருக்குவது. 'பாட்டு' என்பதன் கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறைவதைக் குற்றியலுகரம் என்று படித்திருக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தக் குறுக்கம் சொல்லின் எந்த இடத்திலும் நடக்கும். 'பனானா'வில் நடு அசை மட்டுமே முழுசு; மற்ற இரண்டும் தேய்ந்துபோனவை. மூன்றையும் முழுசாக ஒலித்தால், கேட்பவர் எந்தச் சொல் என்று தேட வேண்டியிருக்கும்.

இவ்வளவும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. நாள்தோறும் நீங்கள் வெளியிடும் ஆங்கிலச் சொல் பகுதியில் உச்சரிப்பைத் தமிழெழுத்தில் தருகிறீர்கள், ஆனால் எல்லா எழுத்தும் ஒரே தடிமனில். 'ஹோட்டல்' என்று அச்சானதைப் படிப்பவர் முதல் அசையைத்தான் அழுத்துவார். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவதில். 'டெவலப்' சொல்லுக்கும் இதே கதி. 1917இல் டேனியல் ஜோன்ஸ் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியிலேயே அழுத்தத்துக்குக் குறி உண்டு. உங்களுக்குத் தனிக் குறி எதுவும் வேண்டாம், அழுத்தம் பெறும் அசையைத் தடித்த எழுத்தில் போட்டால் போதும். 'கான்ட்ரவர்சி' போல இரண்டு விதமாகவும் வழங்கும் சொல் வந்தால், தயவுசெய்து இரண்டையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை